யாருடைய நூல், யார் கொடுப்பது?

மின்நூல் பகிர்வு, பதிப்புரிமை, பொதுப் பகிர்வு உரிமம் (ஆசிரியரே சில நிபந்தனைகளோடு தம் படைப்பைப் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் போன்ற உரிமம்) ஆகியவை குறித்துக் கடந்த சில மாதங்களில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன: இணையத்தில் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் ஒன்றை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க எனக்கு உரிமை உண்டா? அவற்றிலிருந்து தேர்ந்த சில கடிதங்களுக்கு இந்த இதழில் விடை தருகிறேன். 'காப்புரிமை' என்னும் சொல் கண்டுபிடிப்பாளருக்குரிய பேட்டன்டுக்கும் நூலாசிரியருக்குரிய காப்பிரைட்டுக்கும் ஒருசேர வழங்கிக் குழப்பம் விளைவிப்பதால், நூல், பாடல், படம் போன்றவற்றுக்குரிய உரிமையைப் 'பதிப்புரிமை' என்றே இங்கு எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் ஊர் வாசிப்புக் குழுவின் வாட்ஸ்அப்பில் இருநூறு பேர் இருக்கிறோம். அண்மையில் வெளிவந்த நாவல் ஒன்றை ஓர் உறுப்பினர் பணம் கொடுத்து வாங்கி, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்பாக்கிக் குழுவில் போட்டார். 'வாங்கிய புத்தகத்தை இரவல் கொடுப்பது குற்றமில்லை என்றால், கோப்பாகக் கொடுப்பது மட்டும் எப்படிக் குற்றமாகும்?' என்று அவர் கேட்கிறார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.
– வாசகி, கும்பகோணம்

பதில்: இரவல் கொடுக்கும்போது புத்தகம் ஒன்றாகவே இருக்கிறது. அது நண்பர் வீட்டில் இருக்கும் நாள்களில் உங்கள் அலமாரியில் அதன் இடம் காலியாக இருக்கும். கோப்பை அனுப்பும்போதோ உங்களிடம் இருப்பது குறைவதே இல்லை. ஒரு நொடியில் இருநூறு புதிய படிகள் பிறந்துவிடுகின்றன. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது. படியெடுப்பதும், மின்னணு வடிவில் சேமிப்பதும், பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்வதும் உரிமையாளருக்கே உரியவை என்கிற அதன் 14ஆம் பிரிவு, ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட அச்சுப்படியை நீங்கள் இரவல் தருவதையோ பழைய புத்தகக் கடைக்கு விற்பதையோ தடுப்பதில்லை. சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள 52ஆம் பிரிவு இடம் தருகிறது. தாம் வாங்கிய நாவலிலிருந்து தமக்கு வேண்டிய சில பக்கங்களை உங்கள் உறுப்பினர் தம் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டிருந்தால் நானும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். இருநூறு பேர் உள்ள ஒரு குழு எவருடைய சொந்தப் பயன்பாடும் ஆகாது.

'எல்லாரும் செய்கிறார்களே, யாரைப் பிடிக்கப் போகிறார்கள்?' என்பது அடுத்து வரக்கூடிய வாதம். தைனிக் ஜாக்ரண் நாளிதழின் மின்பதிப்பை டெலிகிராம் அலைவரிசைகளில் நாள்தோறும் பிடிஎஃப் கோப்பாகப் பரப்பி வந்தவர்கள்மீது அதன் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில், அந்த அலைவரிசைகளை நீக்கவும் அவற்றை நடத்தியவர்களின் விவரங்களைத் தரவும் தில்லி உயர் நீதிமன்றம் 2020 மே மாதத்தில் உத்தரவிட்டது. போட்டித் தேர்வுகளுக்கான தம் பாடநூல்களும் காணொளிகளும் டெலிகிராமில் பரவுவதை எதிர்த்து ஆசிரியை ஒருவர் தொடுத்த வழக்கிலும், பரப்பியவர்களின் தொலைபேசி எண்களை வெளியிடுமாறு அதே நீதிமன்றம் 2022இல் ஆணையிட்டது. தெரிந்தே உரிமையை மீறுவோருக்கு 63ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வணிக ஆதாயம் இல்லாத நிலையில் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும், ஆதாயம் இல்லாததாலேயே குற்றம் இல்லாமற்போவதில்லை.

ஆனால் உங்கள் நண்பரிடம் சிறைத் தண்டனையைப் பற்றிப் பேச வேண்டாம். முந்நூறு ரூபாய் விலையுள்ள நாவலுக்குப் பத்து விழுக்காடு ராயல்டி என்று ஒப்பந்தம் இருந்தால், விற்கும் ஒவ்வொரு படிக்கும் ஆசிரியருக்குக் கிடைப்பது முப்பது ரூபாய். சில நூறு படிகள் மட்டுமே அச்சிட்டு, விற்க விற்க மறுபடியும் அச்சிடும் இன்றைய தமிழ்ப் பதிப்புச் சூழலில், நாவலை உண்மையிலேயே வாசிக்கும் இருநூறு பேர் என்பது அந்த நூலின் ஒரு பதிப்புக்கே போதுமான எண்ணிக்கை. இலக்கியத்தின்மேல் பற்றில்லாதவர்கள் இப்படிச் செய்தால் அவர்களை விட்டுவிடலாம். எழுத்தாளர் ஒருவருக்கு அமையக்கூடிய மிகச் சிறந்த வாசகர்களே அவரிடம் ஒரு சொல் கேட்காமல் இதைச் செய்வதுதான் எனக்குப் பொறுக்க முடியாததாக இருக்கிறது. குழுவில் பணம் திரட்டி ஐந்து படிகள் வாங்கிச் சுற்றுக்கு விடுங்கள். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் அந்த நாவலை வாங்குமாறு எழுதிக் கொடுங்கள். ஆசிரியருக்கே கடிதம் எழுதி முதல் அத்தியாயத்தைப் பகிர அனுமதி கேளுங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு தருவார்கள் என்பதை என் பதிப்பக அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். வகுப்புக்காகக் கதைகளையும் கட்டுரைகளையும் நகலெடுத்துக் கொடுக்கிறேன். இதுவும் மீறலா?
– ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: இல்லை. கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பதை 52ஆம் பிரிவு உரிமை மீறலிலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. இந்த விலக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குத் தில்லிப் பல்கலைக்கழக வழக்கு நல்ல சான்று. அங்கே வளாகத்துக்குள் இருந்த ராமேஸ்வரி நகலகம், பாடத்திட்டத்தில் உள்ள நூல்களின் பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றதை எதிர்த்து ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் தனி நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டை விசாரித்த அமர்வு அதே ஆண்டு டிசம்பரில், கற்பித்தலின் நோக்கத்துக்குத் தேவையான அளவு படியெடுக்கலாம் என்ற கொள்கையை உறுதிசெய்தது. பதிப்பகங்கள் 2017இல் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. ஆகவே வகுப்புக்கு வேண்டியதை அச்சமின்றி நகலெடுங்கள். அதே தொகுப்பை வலைத்தளத்தில் ஏற்றி ஊரெல்லாம் பதிவிறக்க வைக்க வேண்டாம். அது வகுப்பறைக்கு வெளியே போய்விடுகிறது.

கேள்வி: நான் பள்ளியில் படித்தபோது படித்த நாவல் ஒன்று முப்பது ஆண்டுகளாக அச்சில் இல்லை. ஆசிரியர் 1993இல் இறந்துவிட்டார், பதிப்பகமும் மூடப்பட்டுவிட்டது. என்னிடம் இருக்கும் படி பொடிப்பொடியாக உதிர்கிறது. இதை இணையத்தில் ஏற்றினால் யாருக்கு நஷ்டம்?
– ஓய்வுபெற்ற நூலகர், நாகர்கோவில்

பதில்: இந்தக் கடிதத்துக்கு உடனே விடை எழுத இயலாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். உங்கள் படிதான் அந்த நாவலின் கடைசிப் படிகளில் ஒன்றாக இருக்கலாம். அமிலத் தாளில் அச்சான நூல்களின் ஆயுள் நம் கண்ணெதிரே முடிந்துகொண்டிருக்கிறது.

சட்டப்படி பார்த்தால், ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்கு உரிமை நீடிக்கும். 1993இல் மறைந்தவரின் எழுத்து 2053ஆம் ஆண்டு முடிந்த பிறகே எவரும் பயன்படுத்தக்கூடிய பொதுவுடைமையாகும். இந்த 60 என்ற கணக்கும் தொடக்கத்தில் இருந்ததில்லை. முதலில் 50 ஆண்டுகளாகத்தான் இருந்தது. 1941இல் மறைந்த இரவீந்திரநாத் தாகூரின் எழுத்துகள் 1991 முடிவில் பொதுவுக்கு வந்துவிடும் என்ற நிலையில், அதைத் தள்ளிப்போடவே பத்து ஆண்டுகள் கூட்டப்பட்டன. ஒரு மாபெரும் கவிஞரின் பொருட்டுச் செய்த அந்த நீட்டிப்பு, மறுபதிப்பே காணாத நூற்றுக்கணக்கான சிறிய எழுத்தாளர்களின் நூல்களையும் சேர்த்துப் பூட்டிவைத்தது என்பதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஓர் ஆசிரியருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் சோறு போடுவதற்காக ஏற்பட்ட உரிமை, எவருக்கும் ஒரு காசும் தராமல் நூலை மட்டும் அழியவிடுவது சட்டத்தின் நோக்கமாக இருந்திருக்க முடியாது.

ஆயினும் வழி அடைபட்டுவிடவில்லை. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலைப் பொது நூலகம் தன் பயன்பாட்டுக்காக மூன்று படிகள் வரை எடுக்கலாம். தன்னிடம் அச்சுப்படி உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்தும் வைக்கலாம். எனவே முதல் வேலையாக உங்கள் படியை ஒரு பொது நூலகத்திடமோ ஆய்வு நூலகத்திடமோ ஒப்படைத்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். இதற்கு எவர் அனுமதியும் தேவையில்லை. அடுத்து வாரிசுகளைத் தேடுங்கள். பழைய பதிப்பின் முகவரி, அதை அச்சிட்ட அச்சகம், ஆசிரியரின் சொந்த ஊர்ச் சங்கம், அவர் எழுதிய இதழ்களில் பணியாற்றி இன்றும் நம்மோடு இருப்பவர்கள் என்று விசாரித்துக்கொண்டே போனால் யாரேனும் ஒருவர் ஒரு பேத்தியின் முகவரியைத் தருவார். பல குடும்பங்களுக்குத் தங்கள் கையில் இப்படியோர் உரிமை இருப்பதே தெரியாது. கேட்ட மாத்திரத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தவர்களை நான் அறிவேன். எவ்வளவு தேடியும் உரிமையாளர் அகப்படவில்லையென்றால், செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிட்டு விண்ணப்பித்து, நூலை வெளியிட உரிமம் பெறும் ஏற்பாடு 31ஏ பிரிவில் உள்ளது. தனிமனிதர் ஒருவருக்கு அது கடினமான பாதைதான். ஒரு பதிப்பகமோ நூலக அமைப்போ துணை நின்றால் நடக்கக்கூடியது.

கேள்வி: நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்கிறார்கள். கல்கியின் தொடர்கதை ஒன்றை, முதலில் வார இதழில் வந்த ஓவியங்களோடு அப்படியே மின்நூலாக்கலாமா?
– இளம் பதிப்பாளர், சென்னை

பதில்: கதையை வெளியிடலாம், ஓவியங்களைத் தனியே விசாரிக்காமல் தொடாதீர்கள். கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். 2014 முடியும் வரை இருந்திருக்க வேண்டிய உரிமையை 1999இல் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியதால் அவருடைய எழுத்து முன்கூட்டியே பொதுவுக்கு வந்தது. ஓவியரின் உரிமை வேறு. அது அவர் மறைந்த ஆண்டிலிருந்து தனியாக எண்ணப்படும். அவர் இதழில் ஊழியராக இருந்து வரைந்தாரா, ஓவியத்துக்கு இவ்வளவு என்று தொகை பெற்று வரைந்தாரா என்பதைப் பொறுத்து உரிமையாளரும் மாறுவார். பழைய நூலுக்கு அண்மையில் ஒருவர் எழுதிய முன்னுரை, அடிக்குறிப்பு, உரை ஆகியவற்றுக்கும் இதே விதிதான். புறநானூறு எவருக்கும் சொந்தமில்லை. அதற்குச் சென்ற ஆண்டு எழுதப்பட்ட உரை அதை எழுதியவருக்குச் சொந்தம்.

நாட்டுடைமை என்பது பாரதியிலிருந்து தொடங்கிய தமிழ்நாட்டு ஏற்பாடு. பாரதி 1921இல் மறைந்தபின் அவருடைய எழுத்துகளின் உரிமை பல கை மாறியது. பாடல்களை இசைத்தட்டிலும் திரையிலும் பயன்படுத்தும் உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. பாரதி பாடல் யாரோ ஒருவரின் சொத்தாக இருக்கலாமா என்ற கேள்வி எழுத்தாளர்களிடையே எழுந்து கிளர்ச்சியாக வளர்ந்ததன் விளைவாக, 1949இல் சென்னை மாகாண அரசு அந்த உரிமைகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டு பின்னர் மக்களுக்கு விட்டது. அப்படி நடந்திராவிட்டால் 1971 வரை அவருடைய ஒவ்வொரு வரிக்கும் அனுமதி கேட்க வேண்டியிருந்திருக்கும். பிற்காலத்தில் பாரதிதாசன், அண்ணா, புதுமைப்பித்தன் எனப் பட்டியல் நீண்டது. அரசு வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டு நூல்களை எல்லாருக்கும் திறந்துவிடும் இந்த முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆசிரியரின் குடும்பம், வாசகர் என்னும் இருவரில் ஒருவரையும் அது கைவிடவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் மின்படிகளை, எவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்துக்கு வழங்கியதால், தன்னார்வலர்கள் அவற்றை மெய்ப்புப் பார்த்துத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றிவருகிறார்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். நூல் பொதுவானாலும் ஆசிரியரின் பெயரை நீக்கவோ, அவர் எழுதியதைத் திரித்து அவர் பெயரிலேயே வெளியிடவோ எவருக்கும் உரிமை இல்லை. நாட்டுடைமை நூல்களைச் சில அத்தியாயங்கள் வெட்டி, எங்கே வெட்டினோம் என்று ஒரு குறிப்பும் இன்றி மலிவு விலையில் விற்கும் வழக்கம் இருக்கிறது. அது வாசகருக்கும் செய்யும் அநீதி.

கேள்வி: இருபது ஆண்டுகளாகச் சிற்றிதழ்களில் எழுதிய கட்டுரைகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுமாறு நண்பர்கள் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் என் எழுத்தின்மேல் எனக்கு உரிமையே இல்லாமல் போய்விடுமா?
– எழுத்தாளர், கோயம்புத்தூர்

பதில்: போகாது. உரிமை உங்களிடம் இருப்பதால்தான் அந்த உரிமத்தை உங்களால் வழங்கவே முடிகிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2001இல் அமெரிக்காவில் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக் முதலானோரால் தொடங்கப்பட்டு, 2002 டிசம்பரில் தன் முதல் உரிமங்களை வெளியிட்டது. 'எல்லா உரிமைகளும் ஆசிரியருக்கே' என்பதற்கும் 'எந்த உரிமையும் இல்லை' என்பதற்கும் இடையில், எவற்றை வைத்துக்கொள்கிறேன், எவற்றைக் கொடுத்துவிடுகிறேன் என்று ஆசிரியரே முன்கூட்டி எழுதிவைக்க ஒரு வாசகம் தேவைப்பட்டது. அந்த வாசகத்தைத்தான் அவர்கள் வகுத்துக் கொடுத்தார்கள். இப்போது வழக்கிலிருப்பது 2013இல் வந்த 4.0 பதிப்பு.

அதில் நான்கு நிபந்தனைகள் உண்டு. அவற்றை வெவ்வேறாகச் சேர்த்து ஆறு உரிமங்கள் அமைகின்றன. ஆசிரியர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது ஆறுக்கும் பொது. மாற்றி எழுதினாலோ மொழிபெயர்த்தாலோ அதையும் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்னும் 'அதேமாதிரிப் பகிர்தல்' இரண்டாவது. வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றக் கூடாது என்பவை மற்ற இரண்டு. இருக்கட்டுமே என்று முடிந்த அளவு கூடுதலான நிபந்தனைகளைச் சேர்ப்பவர்களே நம்மிடம் அதிகம். அங்கேதான் நிதானிக்க வேண்டும். 'வணிகம் கூடாது' என்று எழுதிவிட்டால் உங்கள் கட்டுரையை விக்கிமூலம் ஏற்றுக்கொள்ளாது. மாணவர் தொகுப்பு ஒன்றை அச்சுச் செலவுக்காக நாற்பது ரூபாய்க்கு விற்கும் சிறு அமைப்புகூடத் தயங்கும். 'மாற்றம் கூடாது' என்றால் உங்களை மலையாளத்தில் மொழிபெயர்க்க விரும்புபவர் உங்களைத் தேடி வரவேண்டும். என்னைக் கேட்டால், பெயர் குறிப்பிடுதல், அதேமாதிரிப் பகிர்தல் ஆகிய இரண்டு மட்டும் போதும். உங்கள் நூலை ஒருவர் அச்சிட்டு விற்றாலும் உங்கள் பெயரோடுதான் விற்க முடியும்; அவர் அதில் சேர்த்து மாற்றியதையும் பிறர் எடுத்துக்கொள்ள அனுமதித்தே தீரவேண்டும். புனைகதையாக இருந்து, திரைப்பட வாய்ப்பையோ அச்சுப் பதிப்பின் வருமானத்தையோ நீங்கள் எதிர்பார்த்தால் 'வணிகம் கூடாது' என்பதைச் சேர்ப்பது நியாயமே. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் 2013 முதல் தமிழ் எழுத்தாளர்கள் பலர் இந்த உரிமங்களில் தங்கள் நூல்களை வழங்கிவருகிறார்கள். கையெழுத்திடுமுன் அவற்றின் முகப்புப் பக்கங்களைப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒருமுறை கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. நாளை மனம் மாறினால் புதிதாக வெளியிடுவதை நிறுத்தலாம். ஏற்கெனவே பெற்றவர்களின் அனுமதி நீடிக்கும். இரண்டாவதாக, அந்தக் கட்டுரைகளில் எதையேனும் பதிப்பகத்துக்குத் தனியுரிமையாக எழுதிக் கொடுத்திருந்தால், அதைப் பொதுவில் வழங்க இப்போது உங்களுக்கே உரிமை இருக்காது. பழைய ஒப்பந்தங்களை எடுத்துப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: கோயில் சிற்பம் பற்றிய என் நூலில் விக்கிப்பீடியாவிலிருந்து மூன்று பக்கமும் ஐந்து படங்களும் எடுத்து, 'நன்றி: இணையம்' என்று போட்டிருக்கிறேன். போதுமா?
– வாசகர், கரூர்

பதில்: போதாது. இணையம் எதையும் எழுதுவதில்லை, எந்தக் கோயில் வாசலிலும் வெயிலில் நின்று படம் எடுப்பதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் விக்கியில் உள்ள தனிப் பக்கத்தில் எடுத்தவர் பெயரும் உரிமத்தின் பெயரும் இருக்கும். அந்த இரண்டையும் படத்துக்குக் கீழே அச்சிடுங்கள். கட்டுரைப் பகுதிக்கு விக்கிப்பீடியாவின் பக்க முகவரியையும் உரிமத்தையும் குறிப்பிட்டு, அந்த மூன்று பக்கங்களும் அதே உரிமத்துக்கு உட்பட்டவை என்று எழுத வேண்டும். உரிமத்தை மீறியது தெரிந்து முப்பது நாளுக்குள் திருத்திக்கொண்டால் இழந்த அனுமதி திரும்பக் கிடைக்கும் என்று 4.0 பதிப்பு சொல்கிறது. ஆகவே அடுத்த அச்சுவரை காத்திராமல் ஒரு திருத்தச் சீட்டையாவது அச்சிட்டு நூலுக்குள் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்காக நூல்களை வாசித்துப் பதிவு செய்கிறோம். அனுமதி வேண்டுமா?
– தன்னார்வலர், திருச்சிராப்பள்ளி

பதில்: வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவில் நூலை மாற்றித் தருவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளித்திருக்கிறது. இதே நோக்கத்துக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்றுறுதி செய்த நாடும் இந்தியாதான். ஆனால் அந்தப் பதிவுகள் அவர்களிடம் மட்டுமே செல்ல வேண்டும். அவற்றை யூடியூபில் எல்லாருக்குமாக ஏற்றுவது வேறு செயல். அதற்கு ஆசிரியரின் அனுமதி தேவை.

கேள்வி: ஏடுகளைப் பெயர்த்தெழுதித்தான் சங்க இலக்கியம் நம் கைக்கு வந்தது. எழுதியவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. படியெடுப்பது நம் மரபாக இருக்கும்போது, அந்நியச் சட்டம் ஒன்றைக் காட்டி அதைத் திருட்டு என்பது சரியா?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: உங்கள் கேள்வியின் முற்பகுதியை முழுமையாக ஏற்கிறேன். பெயர்த்தெழுதியவர்கள் இல்லையென்றால் உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவந்திருக்க முடியாது. ஊர் ஊராகத் தேடி அவர் சேர்த்தவை, பெயர் தெரியாத பலர் தலைமுறைதோறும் எழுத்தாணி பிடித்து எடுத்த படிகள். இளமையில் திருவாவடுதுறை ஆதீனத்தில் தாம் கண்ட வளையாபதி ஏடு, பின்னர் தேடியபோது கிடைக்காமற்போனதை அவர் பதிவு செய்திருக்கிறார். இன்று நம்மிடம் இருப்பது பிற நூல்களில் மேற்கோளாக எஞ்சிய செய்யுள்கள் மட்டுமே. படிகள் குறைவாக இருந்த நூல் அழிந்தது, பலவாக இருந்த நூல் பிழைத்தது. மதுரைத் திட்டம் 1998 பொங்கல் நாளில் தொடங்கியபோது உலகெங்கும் இருந்த தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்து பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினார்களே, அது அந்த எழுத்தாணிப் பணியின் நேரான தொடர்ச்சி.

ஆனால் அந்த மரபில் ஒழுங்கே இருந்ததில்லை என்று எண்ணாதீர்கள். ஒரு நூலின் பாயிரம், அதாவது முன்னுரை, சொல்ல வேண்டியவற்றை வரிசைப்படுத்தும் நன்னூல், ஆக்கியோன் பெயரை முதலிலும், அந்நூல் எதன் வழி வந்தது என்பதை அடுத்தும் வைக்கிறது. யார் எழுதியது, எதிலிருந்து பிறந்தது என்னும் அந்த இரண்டையும்தான் இன்றைய பொதுப் பகிர்வு உரிமங்களும் கேட்கின்றன. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்துப் பேசிய மொழி இது; பிறர் நூலைத் தன் பெயரில் வழங்குவதை அது ஒருபோதும் மதித்ததில்லை. மேலும் அந்நாளையப் புலவரைப் புரவலர் காத்தார், மடம் காத்தது. இன்றைய நாவலாசிரியருக்கு வாசகரைத் தவிர வேறு புரவலர் இல்லை. பெயர்த்தெழுதிய முன்னோரின் உழைப்பை எடுத்துக்காட்டி, ஒரு பொத்தானை அழுத்திப் பரப்புவதை நியாயப்படுத்தும்போது அந்த முன்னோருக்கும் இன்றைய எழுத்தாளருக்கும் நாம் நியாயம் செய்வதில்லை.

கேள்வி: இலங்கையிலும் அறுபது ஆண்டுதானா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டுகளும். தமிழ்நாட்டு நாட்டுடைமை ஏற்பாடும் அங்கே இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு நூல்களைப் பல இடங்களில் காக்க வேண்டியதன் அருமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்படியாக்கிவருகிறது. உங்கள் ஊர் எழுத்தாளர் எவரேனும் இன்றும் இருந்தால், அவரிடம் நேரில் சென்று ஓர் எழுத்துமூல அனுமதி வாங்கி நூலகம் திட்டத்தினரிடம் சேர்ப்பியுங்கள். எழுபது ஆண்டுக் காத்திருப்பு ஒரு பிற்பகலில் முடிந்துவிடும்.

கேள்வி: எங்கள் தந்தையார் எழுத்தாளர், 2011இல் காலமானார். பதினான்கு நூல்கள், எதுவும் இப்போது கடைகளில் இல்லை. நாங்கள் மூவர். பணம் வேண்டாம், அப்பாவை நான்கு பேர் வாசித்தால் போதும். என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, மதுரை

பதில்: அம்மா, இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் நான் மிகவும் எதிர்பார்த்திருந்தது உங்களுடையதுதான். 2071ஆம் ஆண்டின் இறுதிவரை உரிமை உங்கள் மூவரிடமும், தாயார் இருந்தால் அவரிடமும் இருக்கிறது. உயில் இருந்தால் அது யாரைச் சொல்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் வாரிசுகள் அனைவரும் சேர்ந்தே கையெழுத்திட வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தாலும் அவரை விட்டுவிடக் கூடாது.

அடுத்ததாகப் பதிப்பக ஒப்பந்தங்கள். எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. 1995க்குப் பிறகு எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படவில்லையென்றால் அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே என்று 19ஆம் பிரிவு கருதுகிறது. அதற்கு முற்பட்ட ஒப்பந்தங்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவற்றை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். ஒப்பந்தம் எதுவும் அகப்படாவிட்டாலும், இயங்கிவரும் பதிப்பகம் என்றால் மரியாதைக்காக ஒரு கடிதம் எழுதித் தெரிவியுங்கள். அட்டை ஓவியம், பிறர் எழுதிய அணிந்துரை ஆகியவை தந்தையாருடையவை அல்ல. அவற்றுக்கு அனுமதி கிடைக்கும் வரை நீக்கிவிட்டு ஸ்கேன் செய்யலாம்.

எல்லாம் தெளிவானபின் ஒரு தாளில் இப்படி எழுதுங்கள்: தந்தையாரின் முழுப்பெயர், புனைபெயர், பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு, பதினான்கு நூல்களின் தலைப்பும் முதற்பதிப்பு ஆண்டும், 'மேற்கண்ட நூல்களின் பதிப்புரிமை எங்களிடம் உள்ளது. இவற்றைக் கிரியேட்டிவ் காமன்ஸ், பெயர் குறிப்பிடுதல், அதேமாதிரிப் பகிர்தல் 4.0 பன்னாட்டு உரிமத்தின்கீழ் பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும் வெளியிடுகிறோம்' என்ற வாசகம். நாள், இடம், அனைவரின் கையெழுத்து. அதை ஸ்கேன் செய்து ஒவ்வொரு மின்நூலின் இரண்டாம் பக்கத்திலும் சேர்த்துவிடுங்கள். மூலத்தாளைக் குடும்பத்தில் இளையவரிடம் கொடுத்து வையுங்கள். விக்கிமூலத்துக்கு மின்னஞ்சலிலும் இதே அனுமதியை அனுப்ப வேண்டியிருக்கும். அங்குள்ள தன்னார்வலர்களே படிவத்தைத் தருவார்கள். பதினான்கில் எது மிகவும் சிதைந்திருக்கிறதோ அதிலிருந்து ஸ்கேன் செய்யத் தொடங்குங்கள்.